முதல் மைக்கின் குரல்

"சோப்பு வாங்கவா போன?"

"சோப்புக்குத்தான்."

"மத்தியானம் சோப்பு வாங்கப் போனவ, பொழுது சாயற—"

"வரிசை இருந்துச்சு."

"—சாயற வரைக்கும் கடையில என்ன, அப்பதான் சோப்பு காய்ச்சிக்கிட்டு இருந்தாங்களா?"

"கத்தாதீங்க, தொட்டில்ல ஜட்ஜ் தூங்குது."

"நான் ஒண்ணும் கத்தலை—"

"கத்தறீங்க."

"—கத்தலை, கேக்கறேன். கீழ் வீட்டம்மா எனக்கு போன் பண்ணி, 'தம்பி, உன் பொண்டாட்டி குழந்தைய எங்கிட்ட குடுத்துட்டுப் போனா, இன்னும் காணோம், இது பசியில கத்தித் தீக்குது'ங்கறாங்க. கையில இருந்த டீய அப்படியே மேல—"

"அவங்களுக்கு எதையும் ஊதிப் பெருசாக்கணும்."

"—மேல ஊத்திக்கிட்டேன், பாரு சட்டைய! சரி, அதெல்லாம் விடு. சோப்பு எங்க?"

துணிப்பை சாப்பாட்டு மேஜை மேல் தட்டையாகக் கிடந்தது. இரண்டு பேரும் அதைப் பார்த்தார்கள்.

"தீந்து போச்சாம்," என்றாள்.

"கடையில. சோப்பு. தீந்து போச்சு."

"ஆமா."

அவன் அடுத்ததற்கு வாயைத் திறந்தான். அதற்குள் அவள் நிமிர்ந்து உட்கார்ந்து, தொண்டையை லேசாகச் செருமிக்கொண்டாள். அந்தக் குரல் வந்துவிட்டது. ஏற்றமில்லை, இறக்கமில்லை. இஸ்திரி போட்டு மடித்து வைத்த மாதிரி ஒரு குரல்.

"எல்லாம் சரியா இருக்கு. கொஞ்சம் காலாற நடந்தேன், நேரம் போனது தெரியலை. குழந்தைக்குப் பால் குடுத்தாச்சு, தூங்குது. நீங்க வண்டிய எடுங்க. ஆபீஸ் விடற நேரம், சவாரி நிறைய இருக்கும்."

அவ்வளவுதான். அவன் கோபம் பொசுக்கென்று இறங்கிவிட்டது. சட்டையை மாற்றிக்கொண்டு, சாவியை எடுத்துக்கொண்டு, படியிறங்கிப் போனான். கல்யாணத்துக்கு முன்பிருந்தே அவள் சொன்ன பக்கம் வண்டியைத் திருப்பிப் பழகிய மனிதன் வேறு என்ன செய்வான்?

டயர் கடைக்கு மேல் மாடியில் ஒரு டாக்சி கம்பெனி. நீள மேஜை ஒன்று, சுவரில் கண்ணாடித்தாள் ஒட்டிய வரைபடம், ஓயாமல் கிறீச்சிடும் மின்விசிறி, இரண்டு மைக். அந்த முதல் மைக்கில்தான் அவள் உட்கார்ந்திருந்தாள், வயிறு மேஜையில் இடிக்கிற மாதம் வரை. டிரைவர்களுக்கு அவள் பெயர் கண்ட்ரோல். டிரைவர்களுக்குப் பெயரே கிடையாது, வண்டி நம்பர்தான். அவள் கணவன் பதினேழு. ஒரு நாள் மழையில் அவன், எல்லா வண்டிக்கும் கேட்கும் என்பதை மறந்து, "கண்ட்ரோல், சாப்பிட்டாச்சா?" என்று கேட்டுவைத்தான். மறுநாளிலிருந்து ஊரில் ஓடிய அத்தனை வண்டியும் "கண்ட்ரோல், சாப்பிட்டாச்சா?" என்று கேட்டு மானத்தை வாங்கியது. வாயை அடைக்க வழியில்லாமல் கல்யாணம் செய்துகொண்டார்கள் என்று இருவரும் சொல்லிக்கொள்வார்கள்.

அந்த வேலைக்கு முதல் பாடம் குரல். எந்த வண்டி எங்கே மாட்டிக்கொண்டாலும், எந்தப் பயணி என்ன வைதாலும், மைக்கில் பேசுபவளின் குரல் அசையக் கூடாது. இவள் பதறினால் அவன் பதறுவான், அவன் கையில் ஸ்டீயரிங் இருக்கிறது. பாடத்தை அவள் நன்றாகவே படித்திருந்தாள்.

அவன் போனதும் அவள் எழுந்து கதவைச் சாத்தினாள்.

சோப்புக் கடையைத் தாண்டித்தான் அன்று மத்தியானம் நடந்தாள். ஏன் தாண்டினாள் என்று அவளுக்கே தெரியாது. தெருமுனையில் பேருந்து நின்றது, ஏறினாள். கடைசி நிறுத்தத்தில் நடத்துநர் வந்து, "இறங்கும்மா, இதுக்கு மேல இது போகாது," என்று சொன்ன பிறகு இறங்கினாள். அங்கே வெளியூர் வண்டி ஒன்று எஞ்சினை உறுமவிட்டுக்கொண்டு நின்றது. எந்த ஊர் என்று பலகையைக்கூடப் படிக்கவில்லை. படியில் ஒரு காலை வைத்தாள். அப்போதுதான் மார்பில் பால் கட்டிக்கொண்டு சுரீரென்று வலித்தது. சட்டை முன்பக்கம் நனைந்துவிட்டது. பின்னால் நின்ற ஒருத்தி, "ஏறுறீங்களா, வழிய விடறீங்களா?" என்றாள். வழியை விட்டாள்.

பாசம் இழுத்துக்கொண்டு வந்தது என்று யாராவது சொன்னால் அவள் சிரித்திருப்பாள், சிரிப்பு வரும் நிலையில் இருந்திருந்தால். பால் கட்டி வலித்தது, வந்தாள். இன்னொரு நாள் வலிக்காமல் இருந்தால் ஏறிவிடுவாள். இது அவளுக்குத் தெளிவாகத் தெரிந்தது. வேறு ஒருவருக்கும் தெரியாது. சொல்லத்தான் வேண்டும். சொன்னால், 'இவள் கையில் குழந்தை எதற்கு?' என்று பிடுங்கிக்கொள்வார்களோ? பிடுங்கிக்கொண்டால் தேவலை என்று சில சமயம் தோன்றியது. அப்படித் தோன்றியதும் பயமாக இருந்தது.

குழந்தை வேளைக்குக் குளித்தது, வேளைக்குக் குடித்தது, உலர்ந்த துணியில் கிடந்தது. பெண் குழந்தை. பிறந்ததிலிருந்து எதிரில் வருபவரை எல்லாம் கண்ணிமைக்காமல் விசாரிக்கிற மாதிரி பார்த்ததால் அப்பன் வைத்த பெயர் ஜட்ஜ். தாயிடம் ஒரு குறையும் சொல்ல முடியாது. ஆனால் கம்பெனியில், பயணிகள் வண்டியில் மறந்துவிட்டுப் போகும் குடை, பை, மூக்குக் கண்ணாடி எல்லாவற்றையும் ஓர் அலமாரியில் வைத்திருப்பார்கள். தூசு தட்டி, பத்திரமாக, உரியவர் வரும்வரை. அவள் குழந்தையைப் பார்த்துக்கொண்டது அப்படித்தான் இருந்தது. உரியவர் எப்போது வருவார் என்று காத்திருந்தாள்.

அந்த வார இறுதியில் நாத்தனார் வந்தாள். அழகு நிலையம் வைத்திருப்பவள். பிளாஸ்டிக் தொட்டி, துண்டு, கத்திரி சகிதம்தான் எந்த வீட்டுக்கும் போவாள். வாசலிலேயே ஆரம்பித்துவிட்டாள்.

"ஏம்மா, கண்ணாடியப் பாத்தியா?"

"பாக்கலை அண்ணி."

"பாக்காததும் நல்லதுதான். இரு, பாக்கற மாதிரி ஆக்கறேன். டேய், நீ ஏன் நடுவுல மரம் மாதிரி நிக்கற? உன் பிள்ளையத் தூக்கிக்கிட்டு அந்தப் பக்கம் போ."

தலையைத் தொட்டியில் சாய்த்துத் தண்ணீர் ஊற்றினாள். கைப்பக்குவம் நன்றாகத்தான் இருந்தது. தண்ணீர் இளஞ்சூடாக இருந்தது என்பதும் தெரிந்தது. எல்லாம் பக்கத்து அறையில் நடப்பது போல இருந்தது.

"முடி கொத்துக் கொத்தா கொட்டுது அண்ணி."

"எல்லாருக்கும் கொட்டும். என் கடையில பாதி வரும்படியே பிள்ளை பெத்தவங்களாலதான். அழுகை அழுகையா வருதா?"

"வரலை."

"வரலைல்ல? அப்புறம் என்ன! எனக்கு என் சின்னவன் பொறந்தப்ப குழாயத் திறந்துவிட்ட மாதிரி வந்துச்சு. பத்து நாள்ல நின்னுது. நீ கல்லு மாதிரி இருக்க. கெட்டிக்காரி."

நாத்தனார் ஈர முடியைச் சீவிக் கத்திரியை எடுத்தாள். இவள், இதுதான் சமயம் என்று நினைத்துக்கொண்டு, "அண்ணி, சின்னவனை முதல்ல பாத்தப்ப உங்களுக்கு என்ன தோணுச்சு?" என்று கேட்டாள்.

"என்ன தோணும்? மூக்கு எங்க வீட்டு மூக்குன்னு தோணுச்சு."

"இல்லை, உங்களுக்கு அவன் மேல உடனே..."

"தலைய ஆட்டாத, கத்திரி காதுல பட்டுடும்."

கத்திரி காதில் படாமல் வேலை முடிந்தது. நாத்தனார் தம்பியைக் கூப்பிட்டு, "பாருடா, உன் பொண்டாட்டிய. இதுக்குப் போயி போன்ல அழுதியே? ஒண்ணுமில்ல, தலைக்குக் குளிக்க நேரமில்லாம வாடிப்போயிருக்கா," என்று ஒப்படைத்துவிட்டுப் போனாள். அவனும் பார்த்தான். தலை பளபளவென்றுதான் இருந்தது.

இதற்கு நடுவில் பிரசவம் பார்த்த ஆஸ்பத்திரியிலிருந்து நர்ஸ் போன் செய்தாள். பிள்ளை பெற்ற எல்லோரையும் கூப்பிட்டு விசாரிப்பது அவர்கள் வழக்கம். போன் காதில் பட்டதும் தொண்டை தானாகச் செருமிக்கொண்டது.

"தூக்கம் வருதாம்மா?"

"வருது சிஸ்டர். குழந்தை தூங்கும்போது நானும் தூங்கிக்கறேன்."

"சாப்பாடு?"

"நேரத்துக்குச் சாப்பிடறேன்."

"சில பேருக்கு மனசு ரொம்ப பாரமா இருக்கும், எதுலயும் பிடிப்பு இருக்காது, பயமா இருக்கும். அந்த மாதிரி எதாவது?"

"அப்படி ஒண்ணும் இல்லை சிஸ்டர். கேட்டதுக்கு நன்றி."

"அய்யோ, உங்க குரலைக் கேட்டா எனக்கே தெம்பா இருக்கும்மா. காலையிலேருந்து எல்லாரும் அழுதுட்டாங்க. வச்சிடறேன்."

போனை வைத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பொய் சொல்ல வேண்டும் என்று நினைக்கவேயில்லை. கேள்வி வந்தது, கை தானாக கியர் மாற்றுகிற மாதிரி பதில் போய்விட்டது. கேட்டவளும் கிளம்பிவிட்டாள். மறுபடி கூப்பிட்டு 'நான் சொன்னது தப்பு' என்று சொல்லலாம். நம்பரைக்கூட எடுத்தாள். காதில் வைத்தால் மறுபடியும் அந்தக் குரல்தானே வரும்? திரும்ப வைத்துவிட்டாள்.

அடுத்து ஒரு நாள் காலை, குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தபோது ரெண்டாம் மைக் கூப்பிட்டாள். மேஜையில் பக்கத்து நாற்காலிக்காரி. கம்பெனியில் சேர்ந்த நாளிலிருந்து முழங்கையோடு முழங்கை இடித்துக்கொண்டு உட்கார்ந்தவள்.

"ஏண்டி மகாராணி, சிம்மாசனம் காலியா இருக்கு, எப்ப வர்ற? உன் இடத்துல ஒரு பொண்ணப் போட்டிருக்காங்க. நேத்து ஆஸ்பத்திரி போக வேண்டியவரை மீன் மார்க்கெட்டுக்கு அனுப்பிட்டா."

"இன்னும் கொஞ்ச நாள் ஆகும்."

"ஜட்ஜ் எப்படி இருக்கு? தீர்ப்பெல்லாம் ஒழுங்கா சொல்லுதா?"

"நல்லா இருக்கு. எடை கூடியிருக்கு. நானும் நல்லா இருக்கேன். எல்லாம் சரியா போயிட்டிருக்கு."

அந்தப் பக்கம், கம்பெனி மின்விசிறியின் கிறீச் மட்டும் கேட்டது.

"எந்த வண்டி?" என்றாள் ரெண்டாம் மைக்.

"என்ன, எந்த வண்டி?"

"எந்த வண்டி விழுந்துச்சுன்னு கேக்கறேன். இந்தக் குரல்ல நீ ஒரே ஒரு தடவைதான் பேசியிருக்க. நான் பக்கத்துல இருந்தேன்."

இருந்தாள்தான். நாற்பத்திரண்டாம் நம்பர் வண்டி மழையில் சறுக்கிக் கால்வாய்க்குள் இறங்கிய நாள் அது. உள்ளே தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது, டிரைவர் அலறினான். இவள் அவனிடம் ஏதோ முகவரி சொல்வது போல, பெல்ட்டை அவிழ்ங்க, இடது கையால கண்ணாடிய இறக்குங்க, சரி, இப்ப தலைய வெளிய விடுங்க என்று பேசிக்கொண்டே இருந்தாள், அக்கம்பக்கத்தார் அவனைப் பிடித்து இழுக்கும்வரை. அப்புறம் கழிவறைக்குப் போய்க் குடல் வெளியே வருகிற மாதிரி வாந்தி எடுத்தாள். மற்ற நாட்களில் அவள் குரலில் கொஞ்சம் எரிச்சல் இருக்கும், கிண்டல் இருக்கும், யாராவது பாதை மாறிப்போனால் உச்சுக்கொட்டுவாள். அப்பழுக்கில்லாமல் வழவழவென்று வந்தது அன்று மட்டும்தான்.

"பேசுடி."

"ஒண்ணுமில்லை."

"பாரு, மறுபடியும். வீட்டுல யார் இருக்கா?"

"நானும் குழந்தையும்."

"குழந்தையக் கட்டில்ல போடு. கதவைத் திறந்து வை. வரேன்."

"நீ எப்படி வருவ, மைக்கை யாரு பாப்பாங்க?"

"ஓனரைப் பிடிச்சு உக்கார வைக்கறேன். ஊருல பாதி வண்டி தப்பான தெருவுல நிக்கும். நிக்கட்டும்."

வந்தாள். மாடிப்படி ஏறிய மூச்சிரைப்போடு, கம்பெனி ஹெட்போனைக் கழுத்தில் மாட்டியபடியே வந்தாள். குழந்தையைக் கொஞ்சவில்லை. நாற்காலியை அவளுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டாள், வேலையில் உட்காருவது போலவே முழங்கை இடிக்கிற மாதிரி. முகத்தைப் பார்க்காமல் இருவரும் எதிர்ச்சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். அது உதவியாக இருந்தது.

"அன்னைக்கு பஸ் ஏறிப் போயிடப் பாத்தேன்," என்றாள் இவள்.

"எங்க?"

"தெரியாது. பலகைய பாக்கலை."

"ஏறிட்டியா?"

"ஒரு காலை வச்சேன். பால் கட்டிக்கிச்சு. வந்துட்டேன்."

நாத்தனாராக இருந்தால், கீழ் வீட்டம்மாவாக இருந்தால், 'பாத்தியா, பெத்த வயிறு விடுமா?' என்று சொல்லியிருப்பார்கள். ரெண்டாம் மைக் அப்படி ஒன்றும் சொல்லவில்லை. "சரி," என்றாள். பிறகு, "நேரா கேக்கறேன், நேரா சொல்லு. குழந்தைய எதாவது பண்ணிடணும்னு தோணுதா?"

"இல்லை. அதுக்கு ஒண்ணும் ஆகக் கூடாது."

"உன்னை?"

இந்தத் தடவை தொண்டையைச் செருமவில்லை. வந்த குரல் கரகரவென்று, பாதியில் உடைந்து, யாருடையதோ போல இருந்தது.

"செத்துப் போகணும்னு இல்லை. நான் இல்லாம இருந்தா எல்லாருக்கும் நல்லாருக்கும்னு தோணுது. எப்பவும் தோணுது. பாத்திரம் கழுவும்போதுகூட."

"எவ்வளவு நாளா?"

"ஆஸ்பத்திரியிலேருந்து வந்ததுலேருந்து. நீ யார்கிட்டயும்—"

"சொல்லத்தான் போறேன். இன்னைக்கே டாக்டர்கிட்ட போறோம்."

"குழந்தைய எடுத்துடுவாங்க."

"யாரு?"

"யாரோ. எனக்கு ஏதோ வந்திருக்கு. உனக்கு இந்த மாதிரி வந்துச்சா, ரெண்டு பெத்தியே?"

"வரலைடி. எனக்கு இதைப் பத்தி ஒண்ணும் தெரியாது. எனக்கு உன் குரல்தான் தெரியும்." போனை எடுத்து ஓனரைக் கூப்பிட்டாள். "சார், ஓனர் சார், அந்தச் சிவப்பு பட்டனைத் தொடாதீங்க. பக்கத்துல எந்த வண்டி காலியா இருக்கு? ...யாரு? சரி, அவரையே அனுப்புங்க."

காலியாக இருந்தது பதினேழு.

தன் வீட்டு முகவரிக்கே சவாரி வந்ததும் அவன் பறந்துகொண்டு வந்தான். படியில் பாதி ஏறும்போதே, "ஜட்ஜுக்குக் காய்ச்சலா?" என்று கத்தினான்.

"ஜட்ஜுக்கு ஒண்ணுமில்லை," என்றாள் ரெண்டாம் மைக். "பைய எடுங்க. துணி எடுங்க. ஆஸ்பத்திரிக்கு விடுங்க. மீதி வண்டியில சொல்றேன்."

வண்டியில் சொன்னாள். சுற்றி வளைக்காமல் சொன்னாள். அவன் கண்ணாடியில் மனைவியின் முகத்தைத் தேடிக்கொண்டே ஓட்டினான். சிக்னலில் நின்றபோது வாய் திறந்தது.

"சரியா இருக்குன்னு சொன்னியே."

"சொன்னேன்."

"நான் கேட்டேனே. தினம் கேட்டேனே. நீ சொன்னதை நம்பி—"

"பச்சை விழுந்தாச்சு," என்றாள் ரெண்டாம் மைக்.

"—நம்பி நான் வேலைக்குப் போனேன். நீ சொன்னா போதும், கண்ணு தெரியாத மழையில பாலத்து மேல ஏத்தியிருக்கேன், தெரியுமா? உன் குரல்ல ஒரு தடவை, ஒரே ஒரு தடவை தப்பு வந்ததில்லை. அப்புறம் நான் எதை வச்சுத்தான் கண்டுபிடிக்கறது?"

"பின்னாடி ஹார்ன் அடிக்கறாங்க பதினேழு," என்றாள் அவள். கரகரத்த அந்தக் குரலை அவன் அதற்கு முன் கேட்டதில்லை. வண்டியை எடுத்தான். ஆஸ்பத்திரி வாசலில் ஜட்ஜ் தும்மியது.

டாக்டரம்மா நடுவயதுக்காரி. மேஜையில் ஆறிப்போன காபி. அவள் கேள்வி கேட்கத் தொடங்கியதும் பழையபடி இவள் தொண்டை செருமிக்கொண்டது. "தூங்கறேன் டாக்டர். சாப்பிடறேன். கொஞ்சம் அசதி, அவ்வளவுதான்."

"டாக்டர், இந்தக் குரலை நம்பாதீங்க," என்று ரெண்டாம் மைக் குறுக்கே பாய்ந்தாள்.

"நீங்க ரெண்டு பேரும் கொஞ்சம் வெளிய இருக்கீங்களா? குழந்தைய வெளியவே வச்சிக்குங்க."

கதவு சாத்தியது. டாக்டரம்மா அடுத்த கேள்வியைக் கேட்கவில்லை. பேனாவை மூடி வைத்தாள். கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். கேட்பதாகவே தெரியவில்லை.

கண்ட்ரோல் அறையில் வசவைப் பொறுத்துக்கொள்ளலாம், அலறலைப் பொறுத்துக்கொள்ளலாம். மைக்கில் மௌனம் மட்டும் ஆகாது. ஒரு வண்டி பேச்சை நிறுத்திவிட்டால் எங்கே விழுந்ததோ என்றிருக்கும். உடனே எதையாவது சொல்லி நிரப்பியாக வேண்டும். டாக்டரம்மா சும்மா இருக்க இருக்க அவளுக்கு வியர்த்தது. கேள்வி இருந்தால் பதில் இருந்தது. கேள்வியே இல்லாத இடத்தில் அந்தக் குரலுக்கு வேலை இல்லை.

"குழந்தை என்னோடதுன்னே தோணலை," என்றாள். அதற்கப்புறம் நிற்கவில்லை. பஸ், பால், அலமாரி, பாத்திரம் கழுவும்போது வரும் நினைப்பு, எல்லாம் முன்பின்னாக வந்து விழுந்தன. நடுவில் மூக்கைச் சிந்த வேண்டியிருந்தது. டாக்டரம்மா டிஷ்யூ டப்பாவை நகர்த்திவைத்தாள்.

"இதுக்குப் பேரு இருக்கு," என்றாள் டாக்டரம்மா கடைசியில். "பிரசவத்துக்கு அப்புறம் வர்ற மனச்சோர்வு. இந்த நாற்காலியில நிறைய பேர் உக்காந்து இதையேதான் சொல்லியிருக்காங்க. பஸ்ஸுக்குப் பதிலா வேற வேற சொல்வாங்க. இது நோய். உங்க குணம் இல்லை. மருந்து இருக்கு. பால் குடுக்கறவங்களுக்கு ஏத்தது இருக்கு, அதைத் தரேன். வாரா வாரம் மனநல கவுன்சிலர்கிட்ட பேசணும். இப்போதைக்கு நீங்க தனியா இருக்க வேண்டாம். அந்த நினைப்பு மோசமாச்சுன்னா எந்த நேரமா இருந்தாலும் இங்க வந்துடணும்."

"குழந்தைய எடுத்துடுவீங்களா?"

"எதுக்கு? இவ்வளவு முடியாம இருந்தும் குழந்தைக்கு எடை கூட்டியிருக்கீங்க. நான் எடுத்துட்டுப் போனா எனக்கு அந்தளவுக்கு வராது."

ஜோக் என்று புரிய அவளுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

அப்புறம் ஒன்றும் ஒரே நாளில் நடந்துவிடவில்லை. முதலில் மாத்திரைக்கு வாய் உலர்ந்தது, தலை கிறுகிறுத்தது. 'இதுக்கா இவ்வளவு?' என்று தோன்றியது. விட்டுவிடலாமா என்று கேட்டதற்கு, மருந்து வேலை செய்ய வாரக்கணக்காகும், நீங்களாக நிறுத்தக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள்.

நாத்தனாருக்கு விஷயம் தெரிந்த அன்று பெரிய ரகளை.

"எங்கிட்ட ஏன் சொல்லலை? நான் என்ன ஊருக்கு முரசு அடிக்கறவளா?"

"சொல்ல வந்தேன் அண்ணி. நீங்க கத்திரி காதுல பட்டுடும்னீங்க."

நாத்தனார் கத்திரியை எடுத்துப் பைக்குள் போட்டாள். மறுநாளிலிருந்து காலையில் வந்து, குழந்தையையும் தாயையும் சேர்த்தே தன் கடைக்குக் கூட்டிப்போனாள். தனியாக விடக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறாரே. ஜட்ஜ் சுழல் நாற்காலிக்குப் பக்கத்தில் கூடையில் படுத்துக்கொண்டு, தலைக்குச் சாயம் பூசிக்கொள்ள வந்தவர்களை விசாரித்தது. இவள் மூலையில் துண்டு மடித்தாள், இல்லாவிட்டால் தூங்கினாள். "நாத்தனார் கடையில வந்து தூங்கறாளே" என்று ஒருத்தி ஏதோ ஆரம்பித்தாள். "அவளுக்கு உடம்பு சரியில்ல, தூங்கறா. உங்களுக்கு இடது பக்கம் நரை அதிகம், அதை முதல்ல கவனிங்க," என்று நாத்தனார் அடைத்தாள்.

கவுன்சிலர் அனுப்பி, நூலகத்தின் பின்னறையில் கூடும், இதே சோர்வு வந்த தாய்மார்களிடமும் போனாள். பள்ளிக்கூட வாத்தியார் ஒருத்தி, பல் டாக்டர் ஒருத்தி, பூச்செடி விற்பவள் ஒருத்தி. பூச்செடிக்காரி, குழந்தையைக் குளிப்பாட்டவே பயந்து கணவன் வரும்வரை அழுக்கோடு வைத்திருந்ததைச் சொன்னாள். பல் டாக்டர் ஊருக்கெல்லாம் பல் விளக்கச் சொல்லிவிட்டுத் தான் பல் விளக்க மறந்துபோன கதையைச் சொன்னாள். எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்துவிட்டாள். வீட்டுக்கு வரும் வழியில்தான், சிரித்தோமே என்று நினைவுக்கு வந்தது.

அலமாரிப் பொருளைக் காப்பது போன்ற அந்த எண்ணம் ஒரே நாளில் போகவில்லை. சில நாள் இருக்கும், சில நாள் இருக்காது. குழந்தைக்கு நகம் வெட்டும்போது ஒரு தடவை, வேறு யாராவது வெட்டினால் சதையைச் சேர்த்து வெட்டிவிடுவார்கள் என்று தோன்றியது. கவுன்சிலரிடம் சொன்னாள். "ம்," என்றாள் கவுன்சிலர். அதற்கு மேல் அதைப் பெரிதுபடுத்தவில்லை.

புதிதாகத் தலைவலியாக வந்தது பதினேழுதான். மணிக்கொரு தரம் போன்.

"எப்படி இருக்க?"

"மோசம்."

"அய்யோ, வரவா?"

"வர வேண்டாம், மோசம்னா பேசிக்கிட்டு இருக்கற மோசம்."

"அப்ப அது எந்த மோசம்? எனக்குப் புரியற மாதிரி சொல்லு."

"நேத்தைக்கு இருந்ததுல பாதி."

"அது நல்லதுதானே?"

"நல்லதுன்னா நான் ஏன் மோசம்ங்கறேன்?"

அவன் ஊரைத் தாண்டிச் சவாரி எடுப்பதை நிறுத்திவிட்டான். வீட்டைச் சுற்றியே வட்டம் போட்டான். பக்கத்துக் காய்கறிக் கடைக்கும் பல் ஆஸ்பத்திரிக்கும் கிழவர்களை ஏற்றி இறக்கினான். ரெண்டாம் மைக் மைக்கிலேயே கேட்டாள், "பதினேழு, உங்க வண்டிக்கு ரெண்டாம் கியருக்கு மேல இல்லையா?"

ஒரு சாயங்காலம் மூவரும் நாத்தனார் கடையிலிருந்து வீட்டுக்கு வந்து, வாசலில் வண்டியை நிறுத்திய பிறகும் யாரும் இறங்கவில்லை. ஜட்ஜ் பின்னால் தூங்கிக்கொண்டிருந்தது. எழுப்பினால் தீர்ப்பு கடுமையாக இருக்கும்.

"ரெண்டாம் மைக் சொன்னா," என்றாள் அவள். "நாளைக்கு வெளியூர் சவாரி ஒண்ணு இருக்காம். உங்க பேரைச் சொன்னாளாம், மாட்டேன்னீங்களாம்."

"தூரம்."

"தூரம்னா என்ன, டாக்சிதானே ஓட்டறீங்க, நாற்காலியா?"

"நீ தனியா—"

"தனியா இல்லை. அண்ணி இருக்காங்க. போங்க."

"போக மாட்டேன்."

"போங்கன்னா—"

"போக மாட்டேன்னா மாட்டேன். அன்னைக்கு நீ போயிட்டிருந்தா? நான் அதையே நினைச்சுக்கிட்டு ஓட்டறேன், உனக்குத் தெரியுமா? ஒவ்வொரு பஸ் ஸ்டாப்பையும் பாத்துக்கிட்டே ஓட்டறேன்."

அவளுக்குத் தெரியாது. திரும்பி அவனைப் பார்த்தாள். ஸ்டீயரிங்கை இரண்டு கையாலும் பிடித்திருந்தான், வண்டி நின்றுதான் இருந்தது.

'இனி போக மாட்டேன்' என்று சொல்லிவிடலாம். அந்தக் குரலில் சொன்னால் அவன் நம்பிவிடுவான், நாளைக்கு நிம்மதியாக வெளியூர் போவான். தொண்டை செருமிக்கொள்ளப் பார்த்தது. விழுங்கிக்கொண்டாள்.

"இனிமே அப்படித் தோணாதுன்னு என்னால சொல்ல முடியலை," என்றாள். வார்த்தைக்கு வார்த்தை நின்று, மூச்சு வாங்கி வந்தது அந்தக் குரல். "தோணினா கூப்பிடறேன். அப்ப நீங்க எவ்வளவு தூரத்துல இருந்தாலும், பின்னாடி யார் உக்காந்துக்கிட்டு எப்படிக் கத்தினாலும், வண்டியத் திருப்புவீங்களா?"